தேடுன் தீவின் மேல் எனக்குப் பொறாமை

1

நெடுந்தீவுப் பிள்ளைகளே,

உங்கள் பள்ளிக்கூடத்தின் ஆண்டு மலருக்குக் கனடாவைப் பற்றி ஏதாவது எழுதித் தரும்படி உங்கள் அதிபர் தொலைபேசியில் கேட்டார். வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள் ஒவ்வொருவரும் ஒன்று எழுத வேண்டுமாம். "பனி, பெரிய கட்டடம், நயாகரா எண்டு பிள்ளையளுக்கு விருப்பமானதா எழுதுங்கோ" என்றார். ஓமென்று சொல்லிப்போட்டேன். மூன்று தரம் எழுதத் தொடங்கினேன். மூன்று தரமும் பனியைத் தாண்டிப் போக முடியவில்லை. பனியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், காலையில் வேலைக்குப் போகமுதல் அதை வாசலிலிருந்து அள்ளிக் கொட்டவேண்டும் என்பதுதான்.

ஆகவே இப்போது எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். அது பொறாமை. பக்கத்து வாங்கில் இருப்பவனின் புதுச் சப்பாத்தைப் பார்த்து உங்களுக்கு வரும் பொறாமை எனக்கும் வந்திருக்கிறது. ஆனால் ஐம்பத்தொரு வயதில், கடலில் சும்மா கிடக்கும் ஒரு தீவைப் பார்த்து எரிச்சல்படுவேன் என்று நான் நினைத்ததில்லை. அதுவும் ஜப்பான் நாட்டுத் தீவு. நான் போயுமில்லை, போகப் போவதுமில்லை.

என்னைப் பற்றி இரண்டு வரி. நீங்கள் இருக்கும் அதே வகுப்பறைகளில் பத்தாம் வகுப்புவரை படித்தேன். கணிதம் இரண்டு தரம் எழுதியும் வரவில்லை. இங்கே வந்த புதிதில் சென் ஜேம்ஸ் ரவுணில் பதினேழாம் மாடியில், ஒரு அறையில் நான்கு பேராக இருந்தோம். இப்போது ரூஜ் என்ற இடத்தில் வீடு. வேலை பிறம்ரனில், ஒரு பெரிய பண்டகசாலையில். பெட்டி தூக்கும் வண்டி ஓட்டுகிறேன். வீட்டுக்கும் வேலைக்கும் இடையில் நகரத்தின் முழு அகலமும் கிடக்கிறது. போக ஒன்றேகால் மணித்தியாலம், வர ஒன்றரை. எங்கள் தீவிலிருந்து குறிகட்டுவான் துறைக்குப் படகில் வரும் நேரத்தைவிடக் கூட. படகிலாவது யாரும் ஹோர்ன் அடிக்கமாட்டார்கள்.

மனிசியின் பெயர் வசந்தி. ஒரே மகள் ஆரணி, ஏழாம் வகுப்பு. இந்தக் கதை அவளால் வந்தது.

2

பங்குனி மாதம் ஒரு திங்கட்கிழமை. நான் கோப்பை கழுவிக்கொண்டு நின்றேன். ஆரணி மேசையில் கொம்பியூட்டரோடு இருந்தாள்.

"அப்பா, எங்களுக்கு ஜியோகிறபி புரொஜெக்ற் இருக்கு. ஒரு சின்ன ஐலண்ட் எடுத்து, அதின்ர லாண்ட், வோட்டர், வீடுகள், ஃபெஸ்ரிவல் எல்லாம் செய்யவேணும். போர்ட்டில ஒட்டிப் பேசவேணும்."

பிள்ளைகளே, நான் தண்ணீர்க் குழாயை மூடினேன். கையைத் துடைத்தேன். கதிரையை இழுத்துப் போட்டு அவளுக்கு முன்னால் இருந்தேன். உலகத்தில் எத்தனையோ பாடம் இருக்கிறது. கணிதம் என்றால் தாயிடம் அனுப்பிவிடுவேன், ஆங்கிலம் என்றால் அவளே எனக்குச் சொல்லித் தருவாள். ஆனால் தீவு! பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக என் பிள்ளைக்கு எனக்குத் தெரிந்த பாடத்தில் வீட்டுவேலை வந்திருக்கிறது.

"கொப்பியை எடு பிள்ளை," என்றேன். "முதல்ல காத்தில இருந்து தொடங்குவம். சோழகம் எண்டு எழுது."

"என்ன அகம்?"

"சோழகம். தெற்கால அடிக்கிற காத்து. அது அடிக்கிற மாதங்களில..."

"அப்பா, வெயிற். நான் ஐலண்ட் எடுத்திட்டன். ரீச்சரும் சைன் வைச்சிட்டா."

"எந்தத் தீவு?"

"தகெதோமி. ஜப்பான். எமியின்ர அம்மா அங்கதான் பிறந்தவ."

எமி அவளுடைய வகுப்புத் தோழி. இரண்டு தெரு தள்ளி வீடு. நான் எழும்பிப் போய்க் குழாயைத் திறந்து, கழுவிய கோப்பையைத் திரும்பவும் கழுவினேன்.

வசந்தி இதெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றாள். "ஏனப்பா, முகம் ஏன் இப்பிடி நீண்டு போச்சு? பிள்ளை ஜப்பானுக்கு மாப்பிளை பாக்கேல்லை, புரொஜெக்ற்தான் செய்யுது," என்றாள்.

3

அடுத்த கிழமை முழுக்க எங்கள் வீட்டில் ஜப்பான்தான். நானும் வேலையால் வந்து, அவளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பேன். பார்க்கப் பார்க்க எரியும். ஆனாலும் பார்க்காமல் இருக்க முடியவில்லை. நான் அறிந்ததை உங்களுக்கும் சொல்கிறேன். உங்களுக்கும் கொஞ்சம் எரியட்டும்.

ஜப்பானின் படத்தில் தெற்கே தெற்கே வந்தால், நாடு முடிந்துவிட்டது என்று நீங்கள் நினைக்கும் இடத்துக்கும் கீழே, தாய்வானுக்குக் கிட்ட, கடலில் பொட்டுப் பொட்டாகச் சில தீவுகள் இருக்கும். அதில் ஒரு பொட்டு தகெதோமி. எங்கள் தீவின் ஒரு மூலைக்குள் அதைத் தூக்கி வைக்கலாம். சைக்கிள் எடுத்தால் காலைச் சாப்பாட்டுக்கு முதல் சுற்றி வந்துவிடலாம். மலை இல்லை, ஆறு இல்லை. பவளப்பூச்சி கட்டிய முருகைக்கல் தரை. கீறினால் கல், தோண்டினால் கல். நல்ல தண்ணீர் எப்போதும் பஞ்சம்தான். இப்போது பக்கத்துப் பெரிய தீவிலிருந்து கடலுக்கடியால் குழாய் போட்டுக் கொண்டுவருகிறார்கள். நெல் விளையாது. அந்தக் காலத்தில் அங்குள்ளவர்கள் வள்ளத்தில் இன்னொரு தீவுக்குப் போய், காய்ச்சல் பிடிக்கும் காட்டுக்குள் வயல் செய்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

கடற்கரையில் வீடு கிடையாது. ஊர் தீவின் நடுவில், மூன்று குறிச்சியாக இருக்கிறது. வீடுகளுக்குச் சிவப்பு ஓடு. ஓட்டின் மேல் வாயைப் பிளந்துகொண்டு ஒரு மண் சிங்கம், காவலுக்கு. படலைக்கு நேரே உள்ளே ஒரு சின்னச் சுவர் மறித்து நிற்கும். கெட்டது எதுவும் நேராகத்தான் வருமாம், அதற்கு வளைந்து போகத் தெரியாதாம். அந்தச் சுவரில் முட்டித் திரும்பிப் போய்விடுமாம். ஐப்பசி, கார்த்திகைப் பக்கம் விதைப்புத் திருவிழா. அதற்கு நகரங்களில் இருக்கும் பிள்ளைகள் எல்லாம் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து, இரண்டு நாள் தெய்வத்துக்கு முன்னால் ஆடிப் பாடுவார்களாம்.

தெருவுக்குத் தார் இல்லை. வெள்ளை முருகை மணல். விடிந்தால் அவரவர் வீட்டுக்கு முன்னால் தெருவை அவரவர் கூட்டிவிடுவார்கள். விளக்குமாற்றுக் கீறு மணலில் வரி வரியாகக் கிடக்கும். அதன் மேல் முதலில் நடப்பதற்கே கூச்சமாக இருக்குமாம். வெளியாருக்குக் காணி விற்பதில்லை என்று ஊர் முழுக்க ஒரு பேச்சாக நிற்கிறார்கள். புது வீடு கட்டினாலும் பழைய வீடு மாதிரித்தான் கட்ட வேண்டும். மொத்தம் சில நூறு சனம்தான். அந்தச் சில நூறு பேரின் தெருவைப் பார்க்க உலகம் கப்பலேறி வருகிறது.

இதெல்லாம் போகட்டும். ஒரு நாள் அவள் திரையில் ஒரு படத்தைப் பெரிதாக்கினாள். நான் கத்திவிட்டேன்.

"உது எங்கட தீவு!"

"இல்லை அப்பா, இது தகெதோமி."

"எனக்குத் தெரியாதே பிள்ளை? உது எங்கட கல்வேலி. பார், சீமெந்து இல்லை, சாந்து இல்லை, கல்லுக்கு மேல கல்லு. எங்கட தீவில ஒவ்வொரு வளவைச் சுத்தியும் இப்பிடித்தான் இருக்கு."

அவள் படத்தை மெதுவாகக் கீழே நகர்த்தினாள். வேலிக்குப் பின்னால் சிவப்பு ஓடும் மண் சிங்கமும் வந்தன.

"உங்கட தீவில லயன் இருக்கா அப்பா?"

"குதிரை இருக்கு," என்றேன். "ஆரும் கட்டாத, காட்டில தன்பாட்டில திரியிற குதிரை. உன்ர தகெதோமியில இருக்கோ? ஒல்லாந்தன்ர கோட்டை இருக்கு. பத்துப் பேர் கை கோத்துச் சுத்திப் பிடிக்கிற பெருக்கமரம் இருக்கு."

"ஓகே அப்பா. இது கொம்பெடிஷன் இல்லை."

எனக்குப் போட்டிதான்.

"சரி, உங்கட வீட்டு வோல் எப்பிடி? படம் இருக்கா?"

நான் தொலைபேசியை எடுத்து, அண்ணை அனுப்பிய படங்களைத் தள்ளிக்கொண்டே போனேன். ஒன்று கிடைத்தது. காட்டாமல் பையில் வைத்துக்கொண்டேன். ஏன் என்று கீழே எழுதுகிறேன்.

4

சனிக்கிழமை பின்னேரம் எமி வீட்டிலிருந்து ஆரணியைக் கூட்டிவரப் போனேன். எமியின் தாயை அன்றுதான் முதல் தடவை நேரில் பார்க்கிறேன். மெலிந்த, சிரித்த முகம். பல்மருத்துவ நிலையம் ஒன்றில் வேலை. வாசலில் நின்று வணக்கம் சொல்லிவிட்டு ஆங்கிலத்தில் கேட்டார். அவர் கேட்டதை என் தமிழில் எழுதுகிறேன்.

"நீங்கள்தான் ஹொலண்டிலிருந்து வந்த அப்பாவா? டெல்ஃப்ற் அழகான நகரம் என்கிறார்கள். அந்த வாய்க்கால்களின் ஞாபகம் வருமா?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. ஆரணி குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். அது ஏற்கனவே கட்டியிருந்தது.

பிள்ளைகளே, உங்களுக்குத் தெரியும், எங்கள் தீவுக்கு ஆங்கிலக் கடதாசிகளில் டெல்ஃப்ற் என்று பெயர். ஒல்லாந்தர் தங்களுடைய ஊர் ஒன்றின் பெயரை எங்கள் தலையில் வைத்துவிட்டுப் போனார்கள். என் பிறப்புச் சான்றிதழின் மொழிபெயர்ப்பிலும் அதுதான். ஆகவே கனடாவில் எந்தப் படிவத்திலும் பிறந்த இடம் என்று கேட்டால் டெல்ஃப்ற் என்றே எழுதுவேன். ஆரணியைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோதும், தகப்பன் பிறந்த இடம் என்று அப்படித்தான் எழுதினேன். கந்தோரில் இருந்த யாரோ அதைப் பார்த்து, நாடு என்ற இடத்தில் நெதர்லாந்து என்று பதிந்துவிட்டார்கள். நான்காம் வகுப்பில் பண்பாட்டு விழா வந்தபோது, கடதாசியில் செய்த ரியூலிப் பூவைக் கொடுத்து அவளை ஒல்லாந்துக் கொடிக்குக் கீழே நிற்பாட்டியிருக்கிறார்கள். எனக்கு அன்று வேலை. வசந்திக்கும் வேலை.

காரில் ஏறியதும் கேட்டேன்.

"ஏன் பிள்ளை சொல்லேல்லை?"

"அவையள் அப்பிடித்தான் நினைச்சினம். நான் ஒண்டும் பொய் சொல்லேல்லை. திருத்தாமல் விட்டனான், அவ்வளவுதான்."

"மூண்டு வருசமாவோ?"

"இற் வோஸ் ஈஸியர் அப்பா. ஸ்ரீலங்கா எண்டா வோர் பற்றிக் கேப்பினம். ஹொலண்ட் எண்டா 'நைஸ்' எண்டிட்டுப் போயிடுவினம்."

வீட்டுத் தெருவுக்குத் திரும்பினேன். அவள்தான் திரும்பக் கேட்டாள்.

"நீங்களும் டெல்ஃப்ற் எண்டுதானே எழுதினீங்கள். ஏன் நெடுண்டிவு எண்டு எழுதேல்லை?"

நெடுந்தீவு என்று அவளுக்குச் சொல்ல வராது. நெடுண்டிவு. அந்த உச்சரிப்பைக் கேட்டுத் திருத்த வாய் எடுத்தேன், எடுத்த வாயை மூடினேன். ஏனென்றால் உங்களுக்கு ஒரு உண்மை சொல்ல வேண்டும். நான் முதலில் வேலை செய்த இடத்தில் மேற்பார்வையாளர் ஒருவர், ஒல்லாந்து வழி வந்த ஆள், என் கடதாசியைப் பார்த்துவிட்டு, "டெல்ஃப்றா? நல்ல ஊர்!" என்று முதுகில் தட்டினார். நான் "யெஸ்" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை மாறியிருந்தது. அந்தப் பார்வை போய்விடக் கூடாதென்று நானும் திருத்தாமல் விட்டேன். இரண்டு வருடம் அந்த ஆளோடு வேலை செய்தேன். மகள் என்னிடமிருந்து ஒன்றும் பழகவில்லை என்று குறைப்படுகிறேனே, இதைப் பழகியிருக்கிறாள்.

திங்கட்கிழமை ஒரு மணித்தியாலம் லீவு எடுத்துப் பள்ளிக்கூடக் கந்தோருக்குப் போனேன். மேசையில் இருந்த பெண்பிள்ளை பட்டியலைத் திறந்து, "எந்த நாடு?" என்றாள். சொன்னேன். "ஆதாரம் வேண்டும்" என்றாள். சான்றிதழைக் கொடுத்தேன். அவள் அதை வாசித்துவிட்டு, மிகவும் அன்பாக, "ஆனால் இதிலும் டெல்ஃப்ற் என்றுதானே இருக்கிறது?" என்றாள். அதற்குக் கீழே யாழ்ப்பாணம் என்று இருப்பதைக் காட்டினேன். பட்டியலில் தேடிப் பார்த்துவிட்டு, அப்படி ஒரு நாடு இல்லை என்றாள். கடைசியில் என் பழைய கடவுச்சீட்டைக் கொண்டுபோய்த்தான் மாற்ற முடிந்தது. பள்ளிக்கூடப் பதிவில் இப்போது நான் ஒல்லாந்தன் இல்லை.

5

கந்தோருக்குப் போன அன்றிரவு சாப்பிடும்போது ஆரணி சொன்னாள்: "அப்பா, எமியின்ர அம்மா ஒரு விசயம் சொன்னவ. அங்க பிறந்தாக்கள் அந்த ஐலண்டைத் தகெதோமி எண்டு சொல்லமாட்டினமாம். அது வெளியில இருந்து வந்த பேராம். அவையள் தேடுன் எண்டுதான் சொல்லுவினம்."

எனக்குத் தமிழில் "தேடு" என்று கேட்டது.

"சரியாச் சொல்லவேணும் அப்பா. தே...டுன். நான் இருபது தரம் சொல்லிப் பழகினனான். இப்ப பெர்ஃபெக்ற் எண்டு சொன்னவ."

பொறாமை என்று முதலிலிருந்து எழுதிவருகிறேன். அது உச்சிக்கு ஏறியது இந்த இடத்தில்தான். இருபது தரம்! இன்னொருத்தியின் தீவுக்கு என் பிள்ளையின் நாக்கு இருபது தரம் வளைந்திருக்கிறது. எனக்கு ஒரு தரம் வளையவில்லை. வளைத்துப் பார்க்கும்படி நானும் கேட்டதில்லை.

சாப்பாடு முடிந்ததும் அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன். ஊரில் அப்போது விடிந்திருந்தது. அண்ணை எங்கள் வளவில்தான் இருக்கிறார். உங்களில் சிலருக்கு அவரைத் தெரிந்திருக்கும். இறங்குதுறையில் படகுக்குச் சாமான் ஏற்றும் மனிசன்.

"அண்ணை, கல்வேலிப் படம் ஒண்டு எடுத்து அனுப்புங்கோ."

"எங்கட வீட்டில எங்கயடா கல்வேலி? நீதானே உடைச்சுப்போட்டு மதில் கட்டச் சொன்னனி?"

மேலே ஒரு படத்தைப் பையில் வைத்தேன் என்று எழுதினேன் அல்லவா, அது இந்த மதிலின் படம். ஆறு வருடத்துக்கு முதல் நான்தான் சொல்லிக் கட்டுவித்தேன். கல்வேலி என்றால் வசதியில்லாதவர்களின் வீடு மாதிரி எனக்குப் பட்டது. கனடாவில் தம்பி இருக்கிறான் என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா? சீமெந்துக் கல், நீலப் பெயின்ற், இரும்புக் கேற், கேற்றின் மேல் இரண்டு அன்னம். படம் வந்தபோது வேலையிடத்தில் எல்லாருக்கும் காட்டினேன்.

"பக்கத்து வளவில எடுத்து அனுப்புங்கோ," என்றேன்.

"இதென்ன புதுக்கூத்து," என்று சொல்லிப்போட்டு அண்ணை அனுப்பினார்.

அடுத்த நாள் வேலையால் வரும் வழியில் அதைக் கடையில் கொடுத்து அச்சடித்தேன். மேலே தெரிந்த பனைமரத் தலையைக் கத்தரிக்கோலால் வெட்டினேன். ஆரணி நீச்சலுக்குப் போயிருந்தாள். அவளுடைய போர்ட்டில் "தேடுன் தீவின் கல்வேலிகள்" என்ற தலைப்புக்குக் கீழே ஏழு படங்கள் ஒட்டியிருந்தன. எட்டாவதாக, ஓரத்தில், எங்களுடையதை ஒட்டினேன். வசந்தி கண்டுவிட்டாள்.

"பிள்ளையின்ர வேலையில கை வைக்கிறியளே?"

"ஆருக்கும் தெரியவராது. அச்சொட்டா அதே மாதிரித்தானே இருக்கு."

"அப்ப ஏன் ஒட்டுறியள்?"

படத்தின் ஓரத்தை விரலால் அழுத்தினேன். உலகம் போற்றும் வரிசையில் எங்கள் வேலியும் ஒரு பின்னேரம் நிற்கட்டும் என்று நினைத்தேன். பெயர் இல்லாமல் என்றாலும் நிற்கட்டும்.

6

கண்காட்சி வியாழக்கிழமை பள்ளிக்கூட விளையாட்டு மண்டபத்தில், நாலு மணிக்கு. நேரத்தோடு வர ஒருவனிடம் என் வேலை நேரத்தை மாற்றிக் கேட்டு, அதற்கொரு படிவம் நிரப்பி, அதில் காரணம் என்ற இடத்தில் "தீவு" என்று எழுதிவிட்டு வந்தேன்.

இருபத்தைந்து மேசை, இருபத்தைந்து தீவு. ஆரணியின் மேசைக்கு முன்னால் நல்ல கூட்டம். ரீச்சரும் வந்து நின்றா. ஆரணி தெருக் கூட்டுவதைச் சொன்னாள், கெட்டது நேராக மட்டும் வருவதைச் சொன்னாள், சனம் சிரித்தது. எனக்குப் பெருமையாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வரும் என்பதை நீங்கள் பெரியவர்களானால் அறிவீர்கள்.

எமியின் தாய் பிந்தித்தான் வந்தார். போர்ட்டைக் கிட்டப் போய்ப் பார்த்தார். படம் படமாக விரலை வைத்து, இது இன்னார் வீடு, இது இன்னார் வீடு என்று மகளுக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். எட்டாவது படத்தில் விரல் நின்றது.

"இது தேடுன் இல்லை," என்றார்.

கல்லிலோ, அடுக்கிலோ வித்தியாசம் கண்டிருப்பார் என்று நினைத்தேன். இல்லை.

"தெரு கூட்டவில்லை," என்றார். "எங்கள் தீவில் எந்த வீட்டுக்காரரும் வாசல் தெருவை இப்படி விடமாட்டார்."

குனிந்து பார்த்தேன். வேலியடி முழுக்க ஆட்டுப் புழுக்கை. பனந்தலையை வெட்டியவனுக்குப் புழுக்கை கண்ணில் படவில்லை.

ஆரணி படத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ரீச்சர் பேனையைக் கையில் வைத்துக்கொண்டு, "அப்படியென்றால் இது எங்கே, ஆரணி?" என்றா. அவளுடைய புள்ளி அந்தப் பேனையில் இருந்தது. தெரியாது, எப்படியோ மாறி வந்துவிட்டது என்று அவள் சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். அப்படிச் சொல்லட்டும் என்றுதான் நான் நின்றேன்.

"இது என் அப்பாவுடைய தீவு," என்றாள்.

"ஓ, ஹொலண்டிலும் இப்படி இருக்கிறதா?"

"இல்லை. ஹொலண்ட் இல்லை. நீங்கள் எல்லாரும் அப்படி நினைத்தீர்கள், நான் விட்டுவிட்டேன். இது ஸ்ரீலங்காவில் இருக்கிறது. டெல்ஃப்ற் வெளியிலிருந்து வந்த பெயர். உள்ளுக்கு இருப்பவர்கள் நெடுண்டிவு என்றுதான் சொல்வார்கள்." பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில், "சரியா அப்பா?" என்றாள்.

"சரி," என்றேன். சரியில்லைத்தான். ஆனாலும் சரி.

எமியின் தாய் என்னிடம் திரும்பினார். முகத்தில் கோபம் இல்லை. ஆவலாகக் கேட்டார்: "உங்கள் வீட்டு வேலி இதுவா?"

ஓமென்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரியவராது. ஆனால் ஆரணி பக்கத்தில் நின்றாள், அவள் இப்போதுதான் ஒன்றைத் திருத்திவிட்டு நின்றாள்.

"பக்கத்து வீட்டுடையது," என்றேன். "எங்களுடையதை நான் உடைப்பித்தேன். மதில் கட்டுவதற்காக." பையிலிருந்து தொலைபேசியை எடுத்து நீல மதிலையும் இரண்டு அன்னத்தையும் காட்டினேன்.

அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்தக் கற்கள் எங்கே?"

எனக்குத் தெரியவில்லை.

7

வீட்டுக்கு வந்ததும் ஆரணியே தொலைபேசியைப் பிடுங்கிப் பெரியப்பாவுக்கு எடுத்தாள். என்னோடு அவள் கதைக்கவில்லை. போர்ட்டில் கை வைத்ததற்குக் கோபம், அது நியாயம். ரீச்சர் புள்ளி வெட்டாமல் விட்டது என்னுடைய அதிர்ஷ்டம்.

"பெரியப்பா, வீட்டு வோல் உடைச்ச கல்லெல்லாம் எங்க?"

அண்ணை நித்திரையால் எழும்பிய குரலில் சொன்னது எனக்கும் கேட்டது. "கிணத்தடியில குவிச்சுக் கிடக்குது பிள்ளை. கொஞ்சத்தைக் கேற்றுக்கு அத்திவாரம் போட்டது. மிச்சத்துக்கு மேல ஆடு படுக்குது. ஏனம்மா?"

"திரும்பக் கட்டலாமா?"

"ஆர் கட்டுறது? கொப்பன் வந்து கட்டுவானோ?"

"சீமெந்து போடாமல் அது எப்பிடி விழாமல் நிக்குது பெரியப்பா? எந்தக் கல்லு கீழ வைக்கிறது? பெரிசா, சின்னனா? நடுவுக்கு என்ன போடுறது? காத்து அடிக்கேக்க?"

"எனக்கென்ன தெரியும் பிள்ளை? நான் பிறக்க முதலே நிண்ட வேலி. விழுந்த கல்லைத் தூக்கித் திருப்பி வைப்பம், அவ்வளவுதான். கொப்பனைக் கேள்."

தொலைபேசியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அன்று அவள் என்னோடு கதைத்த முதல் வார்த்தை: "உங்களுக்குத் தெரியுமா?"

பதினெட்டு வருடம் அந்த வேலிக்குள் வளர்ந்தவன் நான். அதில் ஏறியிருக்கிறேன், பாய்ந்திருக்கிறேன், ஓணான் பிடித்திருக்கிறேன். எப்படி நிற்கிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. "தெரியாது பிள்ளை," என்றேன்.

"ஓகே. நான் எமியின்ர அம்மாவைக் கேக்கிறன். அவ சமர் லீவுக்கு ஊருக்குப் போறா. அவவின்ர அண்ணா அங்க வோல் திருத்திறவராம். கேட்டு எழுதிக்கொண்டு வருவா."

பிள்ளைகளே, இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு கல்வேலிக்குப் பக்கத்தில் நில்லுங்கள். கீழ் வரியில் என்ன கல், எப்படி இருத்தியிருக்கிறது, நடுவில் என்ன போட்டு இறுக்கியிருக்கிறது, காற்று எதற்குள்ளால் போகிறது என்று பாருங்கள். வீட்டில் அடுக்கத் தெரிந்தவர்கள் இருந்தால் கேளுங்கள். இல்லையென்றால், விழுந்து கிடக்கும் ஒரு முழ நீளத்தை நீங்களே அடுக்கிப் பாருங்கள். விரலைக் கவனியுங்கள். அதை எழுதி, கீறக்கூடியவர்கள் ஒரு படமும் கீறி, உங்கள் அதிபரிடம் கொடுங்கள். அவர் எனக்கு அனுப்பிவைப்பார். எழுத்துப் பிழை இருந்தால் பரவாயில்லை, ஆரணிக்கு நான்தான் வாசித்துக் காட்டுவேன். படம் எடுப்பதென்றால் புழுக்கையைக் கூட்டிவிட்டு எடுங்கள்.

மலர் அச்சாகும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். இந்தக் கடைசிப் பகுதியை உங்களுக்கு வகுப்பில் இப்போதே வாசித்துக் காட்டும்படி அதிபரைக் கேட்டிருக்கிறேன். ஏனென்றால் எமியின் தாய் ஆனி முடிவில் புறப்படுகிறார், ஆவணி பிறக்கமுதல் பதிலோடு திரும்பி வந்துவிடுவார். அவர் நல்ல மனிசி, குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனாலும் பிள்ளைகளே, அவர் முந்திவிடக் கூடாது.